அப்ரைசல் படிவத்தில் எதற்கு இந்த அடக்கம்?

கேள்வி: ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் சீனியர் ஆகிவிட்டார்கள். உயர்வு கர்த்தரிடமிருந்து வரும் என்று உபவாசித்து ஜெபித்துக் காத்திருக்கிறேன். அப்ரைசல் படிவத்தில் ‘கொடுக்கப்பட்ட வேலைகளைச் செய்தேன்’ என்று மட்டும் எழுதுவேன். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதுதானே வேதம்? நானே போய்ப் பதவி கேட்டால் அது விசுவாசக் குறைவு ஆகாதா? — ஒரு வாசகர், ஓசூர்

பதில்: மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் அந்த வசனத்தை முழுவதுமாகப் படியுங்கள். ‘நீயோ தர்மஞ்செய்யும்போது’ என்றுதான் தொடங்குகிறது. தர்மத்துக்குச் சொன்னதை, சம்பளம் வாங்கிச் செய்யும் வேலைக்குக் கணக்கு ஒப்புவிக்கும் இடத்தில் பொருத்திவிட்டீர்கள். கணக்கு ஒப்புவிக்கும் இடம் மத்தேயு 25-இல் இயேசு சொன்ன உவமை. ஐந்து தாலந்து (அந்நாளைய பெரும் பணத்தொகை) வாங்கிய ஊழியக்காரன் எஜமான் முன் வந்து, கொடுத்தது ஐந்து, மேலே சம்பாதித்தது வேறு ஐந்து என்று எண்ணிக்கையோடு சொல்கிறான். எஜமான் அதைப் பெருமை என்று கடிந்துகொள்ளவில்லை. ‘அநேகத்தின்மேல் உன்னை அதிகாரியாக வைப்பேன்’ என்கிறார்.

உங்கள் மேலாளரின் நிலையையும் யோசியுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் பதவி உயர்வுப் பட்டியலை ஒருவர் தனியாக முடிவு செய்வதில்லை. மற்றத் துறைத் தலைவர்களும் எச்.ஆர். ஆட்களும் இருக்கும் கூட்டத்தில் உங்கள் பெயருக்காக அவர் வாதாட வேண்டும். ‘கொடுக்கப்பட்ட வேலைகளைச் செய்தார்’ என்று சொல்லி எப்படி வாதாடுவார்?

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அட்டைப்பெட்டி ஆர்டர் போட்டால் வந்து சேர 21 நாள் ஆனது. இரண்டாவது சப்ளையரைத் தேடிச் சேர்த்தேன். இப்போது 12 நாள். சாம்பிளைச் சோதித்துக் கொடுத்தது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு.’ முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, நீங்கள் செய்தது என்ன, அடுத்தவர் செய்தது என்ன என்று எல்லாம் அதில் வந்துவிடுகிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தற்புகழ்ச்சி புகுவது அதை விடும்போதுதான். சந்தையில் காகித விலையே இறங்கியிருக்க, பெட்டி விலை குறைந்ததை உங்கள் சேமிப்பாக எழுதினால் அது நீதிமொழிகள் 11 சொல்லும் கள்ளத்தராசு. வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணோடு குறித்து வையுங்கள். மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜனவரிக்கு முந்தைய எதுவும் நினைவுக்கு வராது.

கேட்பது விசுவாசக் குறைவா என்கிறீர்கள். பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். கிஸ்லேயு மாதத்தில் எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கும் செய்தி வருகிறது. அழுது, உபவாசித்து, ஜெபிக்கிறார். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். இடையில் நான்கு மாதம். ஆனால், ‘எப்பொழுது திரும்பி வருவாய்’ என்று ராஜா கேட்ட உடனே காலக்கணக்குச் சொல்ல முடிந்தது. நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்றார். வனக்காவலாளன் ஆசாபிடமிருந்து மரம் வேண்டும், கதவுகளுக்கும் அலங்கத்துக்கும் தான் தங்கும் வீட்டுக்கும் என்று பிரித்தே சொன்னார். ஜெபித்த அதே மாதங்களில் கணக்கும் போட்டு வைத்த மனிதர் அவர். நீங்கள் உபவாசத்தை எடுத்துக்கொண்டு, கணக்கை விட்டுவிட்டீர்கள்.

ஆகவே கேளுங்கள். ஏப்ரலில் உயர்வு தரும் நிறுவனம் என்றால் டிசம்பரிலேயே கேளுங்கள். படிவம் உங்கள் கைக்கு வரும்போது பட்டியல் பாதி முடிந்திருக்கும். எட்டு வருடம் ஆயிற்று, பிள்ளைகளின் ஃபீஸ் கூடிவிட்டது என்று பேச வேண்டாம். அவை உங்கள் தேவைகள்; அந்தப் பதவிக்கான தகுதி ஆகா. சீனியர் செய்யும் வேலைகளில் எவற்றை ஏற்கெனவே செய்கிறீர்கள், எதை இன்னும் செய்ததில்லை என்று சொல்லுங்கள். இல்லாத வேலை வாய்ப்பை இருப்பதாகக் காட்டி மிரட்டுவது பொய், அதைச் செய்யாதீர்கள்.

கொள்முதல் பிரிவு என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரே சப்ளையர் மூன்று லெட்டர்பேடில் கொடுக்கும் மூன்று கொட்டேஷன், ஒப்புதல் வரம்பைத் தாண்டாமல் இருக்க ஒரே ஆர்டரை இரண்டாக உடைப்பது, கிறிஸ்துமஸ் கேக்கோடு சேர்ந்து வரும் கவர்: விசுவாசம் சோதிக்கப்படுவது இவற்றில்தான். ‘பரிதானம் ஞானிகளின் கண்களைக் குருடாக்கும்’ என்கிறது உபாகமம் 16; பரிதானம் என்றால் லஞ்சம். கவரை அன்றே திருப்பிக் கொடுத்து, அதை மேலாளருக்கு மெயிலில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது ஆடிட் வரும்போது உங்களைக் காப்பாற்றாது.

இத்தனைக்குப் பிறகும் இல்லை என்றால், எது குறைகிறது என்று நேரே கேளுங்கள். பதிலை அன்று மாலையே மெயிலில் எழுதி, ‘நான் புரிந்துகொண்டது சரியா?’ என்று கேட்டு அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து அதே மெயிலோடு மறுபடி போய் உட்காருங்கள். குறையைச் சரிசெய்த பிறகும் காரணம் மாறிக்கொண்டே போனால் வேறு இடம் தேடுங்கள். ‘காத்திரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சபையில் யாராவது தடுத்தாலும், அந்த முடிவில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. நோட்டீஸ் காலத்தின் கடைசி நாள் வரை வேலையை முழுதாகச் செய்து, சப்ளையர் கோப்புகளை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.