டைவர்ஷன் முடித்துவிட்டால் ரெக்கார்டு போய்விடுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் எஃப்-1 விசாவில் எம்.எஸ். படிக்கும் என் மகனிடம் இரண்டு எக்ஸ்டஸி போதை மாத்திரைகள் இருந்ததாகச் சொல்லிக் கைது செய்தார்கள். இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. டைவர்ஷன் திட்டத்தில் (தண்டனைக்குப் பதில் வகுப்புகளுக்கு அனுப்பும் ஏற்பாடு) சேர்ந்தால் ரெக்கார்டே இருக்காது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கலிபோர்னியா சட்டத்தைப் பொறுத்தவரை நம்பலாம். விசா விஷயத்தில் அது பாதி உண்மைதான். அந்த மறுபாதியில்தான் பல மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

கலிபோர்னியா குற்றவியல் சட்டத்தின் 1000-ஆம் பிரிவில் உள்ள டைவர்ஷன், சொந்த உபயோகத்துக்காகச் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருந்தவர்களுக்கானது. உங்கள் மகன் 'குற்றம் செய்யவில்லை' என்றே கோர்ட்டில் சொல்லிவிட்டு, விரைவு விசாரணையையும் ஜூரி விசாரணையையும் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு 12 முதல் 18 மாதம் வரை வகுப்புகள். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும்; அந்தக் கைதே நடக்காததாகக் கருதப்படும். அவர் சம்மதம் இல்லாமல் அதைக் காட்டி வேலையோ லைசென்ஸோ மறுக்க முடியாது. போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தால் மட்டும் சொல்லியாக வேண்டும். வகுப்புக்குப் போகாமல் விட்டாலோ புதிதாக ஒரு பெரிய குற்றத்திலோ வன்முறைக் குற்றத்திலோ தண்டனை பெற்றாலோ பழைய வழக்கு உயிர்பெறும். ஜூரியை விட்டுக்கொடுத்துவிட்டதால் நீதிபதி ஒருவரே விசாரிப்பார்.

இனி விசா. மாநிலச் சட்டம் எதை அழித்தது என்று மத்திய குடியேற்றச் சட்டம் பார்ப்பதில்லை. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால் அது குற்றத் தீர்ப்பு, அதாவது 'கன்விக்‌ஷன்'. பின்னால் தள்ளுபடியானாலும் அப்படித்தான். 'எதிர்த்து வாதாடவில்லை' என்று சொல்லியிருந்தாலும் அதே கதிதான். டெக்சாஸில் உள்ள 'டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்' (குற்றத்தை ஒப்புக்கொண்டபின் தீர்ப்பைத் தள்ளிவைக்கும் முறை) இந்த வகை. அங்கே வழக்கு முடிந்தபின் 'கன்விக்‌ஷன் இல்லை' என்று சொல்வதை நம்பி கிரீன் கார்டை இழக்கும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடும் முன் கோர்ட் தாளில் 'ப்ளீ' (குற்றச்சாட்டுக்கு உங்கள் மகன் சொல்லும் பதில்) என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'நாட் கில்டி' என்று இருக்க வேண்டும். அரசுத் தரப்பு வேறு எந்தப் பேரம் பேசினாலும், இந்த ஒன்றை விடக் கூடாது.

கிரிமினல் வக்கீல் இதையெல்லாம் சொல்லவில்லையா? நாடு கடத்தப்படும் அபாயத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் பதில்லா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். தனியாக ஒரு குடியேற்ற வக்கீலையும் பாருங்கள்.

'நாட் கில்டி'யோடு முடிந்தாலும் கைரேகை எஃப்.பி.ஐ. கோப்பில் இருக்கக்கூடும். விசா ஸ்டாம்பிங்குக்கான டிஎஸ்-160 படிவம், தண்டனையை மட்டுமல்ல, எப்போதாவது கைதானீர்களா என்றே கேட்கிறது. 'நடக்காததாகக் கருதப்படும்' என்ற மாநிலச் சலுகை அங்கே செல்லாது. 'ஆம்' என்றே எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால், பொய் சொன்னதே விசா மறுக்கத் தனிக் காரணமாகும். ஆனால் நேர்காணலில், 'ஆமாம், மாத்திரை வாங்கினேன்' என்று கதை சொல்லவும் கூடாது. கன்விக்‌ஷன் இல்லாமலேயே அந்த ஒப்புதல் ஒன்று போதும், விசா மறுக்க. எப்படிப் பதில் சொல்வது என்பதை வக்கீலோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளட்டும். வழக்கு முடியும்வரை இந்தியா வந்துபோவதையும் அவரைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

தள்ளுபடி ஆனதும் கோர்ட் கிளார்க்கிடம் முத்திரையிட்ட தீர்ப்பு நகல் மூன்று நான்கு வாங்கி வையுங்கள். ரெக்கார்டை சீல் செய்ய, அதாவது பிறர் பார்க்க முடியாதபடி மூட, மனு போடுவது அதற்குப் பிறகுதான். சீல் ஆனபின் நகல் வாங்குவது பெரும்பாடு. தூதரகமோ அந்தத் தாளைத்தான் கேட்கும்.

1997 முதல் 2017 வரை இதே 1000-ஆம் பிரிவில் டைவர்ஷன் முடித்த உறவினர் யாராவது இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். அப்போது முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற 1203.43-ஆம் பிரிவில் மனு செய்யலாம்.