கையில் கொப்புளமா? காலையும் காட்டுங்கள்!

கேள்வி: வீட்டிலேயே இட்லிக் கடை நடத்துகிறேன். வெயில் ஏற ஆரம்பித்தால் விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம் வந்துவிடுகிறது. ராத்திரி தூங்க விடாத அரிப்பு. ஊசியால் குத்தி நீரை எடுத்தால்தான் அடங்குகிறது. பிறகு தோல் உரிந்து வெடிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ட்யூபைப் போட்டால் மறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. இந்த வருடம் உள்ளங்காலிலும் வந்திருக்கிறது. கால் விரலிடுக்கு ரொம்ப நாளாகவே வெள்ளையாக ஊறிப்போய்க் கிடக்கிறது. ஒட்டுவாரொட்டி என்று பயந்து, குழந்தைக்குச் சோறூட்டக்கூட மாமியார் விடுவதில்லை. கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. சரியாகுமா டாக்டர்?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: முதலில் குழந்தைக்குச் சோறூட்டுங்கள் அம்மா. நீங்கள் சொல்லும் அடையாளமெல்லாம் 'பாம்ஃபோலிக்ஸ்' என்ற கொப்புள எக்ஸிமாவை, அதாவது ஒருவகைத் தோல் அழற்சியைக் காட்டுகிறது. அந்த நீர் பட்டாலும் யாருக்கும் ஒட்டாது. மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சீழ் வைத்திருந்தால், அல்லது வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரி அரிப்பு இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேல்தோல் ரொம்பத் தடிமன். அழற்சியில் ஊறும் நீர் அதை உடைத்துக்கொண்டு வர முடியாமல், வெந்த ஜவ்வரிசி பதித்தாற்போல் உள்ளேயே நிற்கும். தொடாமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானே வற்றி உரிந்துவிடும். ஊசியால் குத்தினால் கிருமி உள்ளே போகும், வெடிப்பும் ஆழமாகும். 1873-ல் லண்டன் மருத்துவர் டில்பரி ஃபாக்ஸ், வியர்வை அடைத்துக்கொள்வதால்தான் இது வருகிறது என்று எழுதினார். வியர்வைக் குழாய்க்கும் கொப்புளத்துக்கும் தொடர்பில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் வெயிலும் வியர்வையும் மன உளைச்சலும் இதைக் கிளப்பிவிடும் என்பது உண்மைதான்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது விரலிடுக்கு பற்றிய வரியைத்தான். அது சேற்றுப்புண்ணாக இருக்கலாம். அதாவது பூஞ்சைத் தொற்று. காலில் இருக்கும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு கிளம்பும்போது, பூஞ்சையே இல்லாத கையில் கொப்புளம் வருவதுண்டு. அப்படியானால் கைக்கு எத்தனை மருந்து போட்டாலும் கால் ஆறாமல் கை ஆறாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ட்யூப்களில் பல, வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை. அது அரிப்பை அமுக்கும். அதே சமயம் பூஞ்சைக்குத் தீனி போட்டது போலவும் ஆகிவிடும். போட்டால் மறைவதும் விட்டால் வருவதும் இதனால் இருக்கலாம். ஸ்டீராய்டே கெடுதல் என்று சொல்லவில்லை. பூஞ்சை இல்லை என்று தெரிந்த பிறகு, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போட்டால் இந்த நோய்க்கு அதுதான் முதல் மருந்து.

நீர்க்கொப்புளம் இருக்கும் நாட்களில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, வெளிறிய ரோஸ் நிறத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கையை நனைக்கலாம். நிறம் அடர்ந்தால் தோல் வெந்துவிடும். கரையாத துகளும் சுட்டுவிடும். நகம் பழுப்பாவது தானே போய்விடும். கொப்புளம் வற்றியதும் இதை நிறுத்திவிட்டு, கை கழுவும் ஒவ்வொரு முறையும் வாசலின் போன்ற வெள்ளை ஜெல்லியைத் தடவுங்கள். சுடுதண்ணீரில் கையை வைத்தால் அரிப்புக்கு இதமாக இருக்கும், ஆனால் வேண்டாம். தோலைக் காயவைத்துவிடும்.

உங்கள் தொழில் முழுக்க ஈரம். உளுந்து கழுவுவது, மாவு வழிப்பது, இட்லித் தட்டைப் பவுடர் போட்டுத் தேய்ப்பது என்று கை காய நேரமே இருக்காது. பாத்திரம் தேய்க்கும் வேலையை மட்டுமாவது கொஞ்ச நாள் வேறொருவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, மேலே வினைல் கையுறை போடுங்கள். ரப்பரே சிலருக்கு ஒவ்வாது. உள்ளே வியர்த்தால் கழற்றி மாற்றுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், சோப்பு அதன் அடியில்தான் தங்கும்.

கத்தரிக்காய், கருவாட்டை நிறுத்தியது வீண். தாராளமாகச் சாப்பிடுங்கள். கவரிங் நகைகளில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம் ஒவ்வாத சிலருக்கு மட்டும், அது இருக்கும் முந்திரி, கோகோ, சில பருப்பு வகைகளைக் குறைக்கச் சொல்வோம். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகுமா? ஆகுமென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். முதுகில் பட்டை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் தெரிந்துவிடும்.

முழுசாக ஒழியுமா என்றால், வந்து வந்து போகும் நோய் இது. காரணம் பிடிபட்டால் வருவது நன்றாகக் குறையும். களிம்புக்கு அடங்காதவர்களுக்கு ஒளி சிகிச்சையும் மாத்திரைகளும் இருக்கின்றன.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். விரலிடுக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் பூஞ்சை மருந்தும் கலந்திருந்தால் பரிசோதனையில் பூஞ்சை தட்டுப்படாமல் போகலாம், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.