செவ்வாக்கிழமைக்கு ஒரு ஆள் வேணும்

அண்ணே வணக்கம்,

நான் ஷா ஆலாம்ல வேலை செய்றேன், சொந்த ஊரு சுங்கை சிப்புட் பக்கம், தாத்தா பாட்டி எல்லாம் தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க. போன மாசம் ஊருக்கு வந்தப்ப உங்க உதவிச் சங்கத்துக்கு வாலண்டியரா ஒரு சனிக்கிழமை வந்தேன். நாப்பது பேர் நின்னோம், வேலையே இல்ல, ஒரு அரிசிப் பைய மூணு பேர் தூக்கினோம். ஒரு வீட்டுல அக்கா ஒருத்தங்க பைய வாங்கிட்டு முகத்த திருப்பிக்கிட்டாங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க மாமாகிட்ட சொன்னா, "குடுத்துக் குடுத்துதான் நம்ம ஆளுங்க கை நீட்டியே பழகிட்டாங்க"ங்கறாரு. இது உண்மையிலயே உதவியாண்ணே? நான் மறுபடி வரணுமா?

ஒரு வாசகி, ஷா ஆலாம், மலேசியா

*

தங்கச்சிக்கு,

மூணு பேர் ஒரு பை தூக்கினது எங்க தப்பு. ஆள் வராம போயிடுமோன்னு பயந்து அஞ்சு வாட்சாப் குரூப்ல போஸ்டர் போட்டுட்டோம், வந்ததுல பாதி காலேஜ் பிள்ளைங்க, அவங்களுக்கு சர்ட்டிபிகேட் வேணும், குத்தம் சொல்லல. அடுத்த வாரம் வந்தது ஆறு பேரு. அந்த ஆறும் எப்பவும் வர்ற ஆளுங்கதான் லா.

அந்த அக்கா முகத்த திருப்பினதுக்கு வர்றேன். 2021ல எம்சிஓ, அந்தக் கொரோனா ஊரடங்கு நேரத்துல நாடு பூரா வெள்ளைக் கொடின்னு ஒண்ணு கிளம்புச்சே, வீட்டுல சாப்பாட்டுக்கு வழியில்லன்னா வாசல்ல வெள்ளைத் துணி கட்டுங்க, பாக்கறவங்க உதவுவாங்கன்னு, எத்தனையோ குடும்பத்துக்கு அது சோறு போட்டுச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நாங்க போன லயத்துல, தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, ஒரு கொடி கூட பறக்கல. எதுத்த வீட்டுல பாப்பாங்க, பக்கத்து வீட்டுல பேசுவாங்க, யாரு கட்டுவா? அப்ப எங்களுக்கு வழி காட்டினவரு மளிகைக் கடை தௌகே, முதலாளி. கடன் எழுதற 555 புக்கு இருக்கு பாருங்க, அத வச்சே யாரு பால் மாவு வாங்கறத நிறுத்தினாங்க, பழைய பாக்கிக்கு வெக்கப்பட்டு யாரு கடைப்பக்கமே வராம சுத்திப் போறாங்கன்னு அந்த மனுசனுக்கு அத்துப்படி. புக்க எங்ககிட்ட நீட்டல, "மூணாவது வீட்ட போய் பாரு"ன்னு மட்டும் சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் எங்க லிஸ்ட்டு தௌகே, தமிழ்ப்பள்ளி டீச்சர், கோயில் பூசாரி இவங்க வாயில இருந்துதான் வருது. அப்படி ரகசியமா கண்டுபிடிச்ச ஒரு வீட்டு வாசல்ல பத்துப் பதினஞ்சு பேர ஒரே டீசட்டையில கொண்டுபோய் நிறுத்தினா முகத்த திருப்பாம என்ன செய்வாங்க? போட்டோ எடுக்கறத எப்பவோ விட்டுட்டோம், கூட்டத்த விடல, அது எங்க மண்டையில உறைக்கல. (ஒரு தடவ ஒரு பெரிய மனுசர், போட்டோவுக்குக் காட்டற பெரிய அட்டைக் காசோலையோட வந்தாரு. அது லயத்து வாசல்ல நுழையாம குறுக்கால திருப்பி, நெடுக்கால திருப்பி, கடைசில வெளியவே நின்னு குடுத்துட்டுப் போனாரு.)

உங்க மாமாகிட்ட ஒண்ணு கேளுங்க. 1960ல வெள்ளக்காரன் தோட்டங்கள துண்டு துண்டா வித்துக்கிட்டு இருந்த காலத்துல, இந்த ஊரு எம்பியா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தோட்டம் தோட்டமா போய் ஆள் சேர்த்தாரே, அதுல பத்துப் பத்து வெள்ளியா (நம்ம ஊரு காசு) கட்டினது யாரு? பால் வெட்டினவங்க. அந்தக் காசுலதான் கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தயே வாங்கினாங்க. அவங்க பேரப் பிள்ளைங்களா கை நீட்டி பழகினவங்க? அப்புறம் ரப்பர் போயி எண்ணெய்க்கான செம்பனை வந்துச்சு, தோட்டம் கைமாறுச்சு. வேலை போனா லயத்து வீடும் சேர்ந்துல்ல போகுது, டவுனுக்கு வந்து வாடகைக்கு உக்காந்து, ஒரு மாசம் புருசன் படுத்தா ஆலோங், அதான் வட்டிக்காரன்கிட்ட போய் நிக்கறாங்க. இதுல பழக்கம் எங்க இருந்து வந்துச்சு.

ஆனா உங்க கேள்வியில பாதி நியாயம் இருக்கு. அரிசி தீந்துபோற சாமான். 2023 செப்டம்பர் வாக்குல உள்ளூர் அரிசி, அந்த 26 வெள்ளி 10 கிலோ பை, கடையில காணாமயே போச்சு, இறக்குமதி அரிசியும் விலை ஏறிடுச்சு, கையில இருந்த காசுக்கு பாதி வீட்டுக்குத்தான் குடுக்க முடிஞ்சது. அப்பதான் ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து பேச ஆரம்பிச்சோம். எல்லா வீட்டுலயும் அலமாரி மேல ஒரு பிளாஸ்டிக் பை இருக்கு தங்கச்சி, அதுக்குள்ள பேப்பருங்க.

ஒரு அம்மா. புருசன் ஜாகா வேலை, காவல் வேலை பார்த்து செத்துட்டாரு, இவங்க ரெண்டு வருசமா சாப்பாட்டுக் கடையில மங்கு, தட்டு கழுவிக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பைக்குள்ள புருசனோட சம்பளச் சீட்டு, மாசா மாசம் சொக்சோ, தொழிலாளர் பாதுகாப்புச் சந்தா பிடிச்சிருக்காங்க. சந்தா கணக்கு சரியா இருந்தா விதவைக்கு மாசப் பென்சன் உண்டு, பென்சன் பெனாக்காட்னு பேரு, யாருமே அவங்களுக்கு சொல்லல. போராங், அதான் பாரம் எழுதி, ஆபீசுக்கு நாலு தடவ நடந்து, வந்துருச்சு. அடுத்த மாசமே "எனக்கு அரிசி வேணாம், வேற வீட்டுக்கு குடுங்க"ன்னுட்டாங்க. அன்னைக்கு சீனிப் பொட்டலம் சரியா கட்டலன்னு உங்கள ஒருத்தங்க திட்டினாங்கல்ல, அவங்கதான்.

எல்லாம் அப்படி முடியறதில்ல. இன்னொரு வீட்டுல பையனுக்கு பன்னெண்டு வயசு தாண்டிருச்சு, ஐசி, அடையாள அட்டை இல்ல. அப்பாவுக்கு பிரஜைங்களுக்குக் குடுக்கற நீல ஐசி, அம்மாவுக்கு ஐசியே இல்ல. கோயில்ல தாலி கட்டினாங்க, பதியல. 1982 மார்ச்லேருந்து பதியணும்னு சட்டம், பதியாம பிள்ளை பொறந்தா பிரஜாவுரிமை அம்மா வழியதான் பாப்பாங்க, அப்பா நீல ஐசிய நீட்டி நீட்டி காட்டினாலும் நடக்காது. பிள்ளைய தோட்டத்துலயே பெத்ததால பொறப்புப் பத்திரமும் லேட்டா எடுத்தது. யாரு சாட்சி? ஆயாக் கொட்டகையில பிள்ளைங்கள பார்த்துக்கிட்ட பாட்டி ஒருத்தங்க, எவ எந்த மழையில எந்தப் பிள்ளைய பெத்தான்னு சொல்வாங்க. ரிட்டையரான கிராணி, தோட்டத்து கிளார்க் ஒருத்தரு மலாய்ல போராங் எழுதுவாரு. மூணு வருசமா ஓடுது, இன்னும் முடியல.

சிக்கல் இங்கதான். சனிக்கிழமை எங்களுக்கு ஆள் எக்கச்சக்கம், ஆபீஸெல்லாம் தொறந்திருக்கறது வாரநாள்ல. செவ்வாக்கிழமை காலையில காரோட ஒரு ஆள் வேணும்னு குரூப்ல போட்டா நீல டிக்கு வரும், பதில் வராது. அதனால இப்ப ஒரு வாலண்டியருக்கு ஒரு வீடுன்னு மாத்திட்டோம், மாசம் ஒரு தடவ போனா போதும், தனியா போகணும், டீசட்டை கூடாது.

வரணுமான்னு கேட்டீங்க. அடுத்த மாசம் ஒரு செவ்வாக்கிழமை லீவு எடுக்க முடியுமா? அந்த ஆயா பாட்டிக்கே ஜேகேஎம், சமூகநலத் துறையோட முதியோர் உதவிக்கு கோலகங்சார் போகணும், மோட்டார்ல ஏற முடியாது. காலையில எட்டு மணிக்கு கெளம்பணும், ஐசியும் பேங்க் புக்கும் எடுத்துக்கிட்டாங்களான்னு பார்த்துக்குங்க, போன தடவ ஐசிய சாமி மேடையில வச்சிட்டு வந்துட்டாங்க. வழி நெடுக உங்க தாத்தா எந்தத் தோட்டம்னு கேட்டுக்கிட்டே வருவாங்க. கேட்டு வச்சுக்கிட்டு வாங்க.