நடுக்கடலில் உடம்புக்கு முடியாமல் போனால்: வாசகர் கேள்விகள்

பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறவர்கள் நாங்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் யாரைக் கூப்பிடுவது?

படகில் உள்ள வி.எச்.எஃப். ரேடியோ செட்டில் 16ஆம் சேனல். அவசரத்துக்கு 'பான் பான்' என்று மூன்று முறை. உயிருக்கே ஆபத்து என்றால் 'மேடே'. நெஞ்சுவலிக்கு மேடே என்றே கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம். படகின் பெயரையும் ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும் முதலில் சொல்லிவிடுங்கள். செட் கரைக்கு எட்டுவது சுமார் 20, 30 கடல் மைல்தான். அதற்கு அப்பால் பக்கத்தில் போகும் சரக்குக் கப்பல் கேட்கும். அவர்களிடம் சாட்டிலைட் போன் இருக்கும். செய்தியைக் கரைக்குச் சொல்லச் சொல்லுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

ரேடியோவில் டாக்டர் என்ன கேட்பார்?

வயது, வலி எங்கே, எப்போது தொடங்கியது, நாடித்துடிப்பு, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, காய்ச்சல் அளவு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. கூப்பிடும் முன்பே தாளில் எழுதி வையுங்கள். நெஞ்சுவலி போன்றவற்றில் மட்டும் முதலில் கூப்பிடுங்கள், எழுதுவது அப்புறம். மருந்துப் பெட்டியும் கையருகே இருக்கட்டும். அதில் இருப்பதை வைத்துத்தான் அவர் வைத்தியம் சொல்ல முடியும். சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். கப்பலில் மருந்துப் பெட்டி என் பொறுப்பில் இருந்தபோது, ஒரு தம்பி வயிற்றுவலியை இரண்டு நாள் மறைத்தான். அப்பெண்டிக்ஸ். முதல் நாளே சொல்லியிருந்தால் கரை பக்கத்தில் இருந்தது. இன்றும் அது மனதை அறுக்கிறது.

கட்டணம் உண்டா?

ஆலோசனைக்கு இல்லை. எந்த நாட்டுக் கொடியுள்ள கப்பலுக்கும் ரேடியோ வழி மருத்துவ ஆலோசனை இரவு பகலாக இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. ரோமில் உள்ள சிர்ம் என்ற ரேடியோ மருத்துவ மையம் 1935 முதல் இதைச் செய்துவருகிறது.

ஹெலிகாப்டர் வருமா?

எப்போதும் வராது. தூரம், காற்று, நோயாளியின் நிலை எல்லாம் பார்த்து டாக்டரும் மீட்பு மையமும் முடிவு செய்வார்கள். பல சமயம் கப்பலைத் துறைமுகத்துக்குத் திருப்புவதே வழி. வந்தால், அதிலிருந்து தொங்கும் கம்பியை முதலில் தளத்தையோ தண்ணீரையோ தொட விடுங்கள், அதில் மின்னேற்றம் இருக்கும். எக்காரணம் கொண்டும் அதைப் படகில் கட்டாதீர்கள். நோயாளியின் அடையாள அட்டை, மாத்திரை, நீங்கள் எழுதிய தாள் மூன்றும் அவர் உடம்போடு போகட்டும்.