மாந்தோப்புப் பொறியில் விழுந்த பழ ஈ எந்த இனம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

சேலத்து மாந்தோப்பில் மெத்தில் யூஜினால் (ஆண் ஈக்களை ஈர்க்கும் மணப்பொருள்) பொறி வைத்தால் பெரும்பாலும் பாக்ட்ரோசீரா என்ற பழ ஈப் பேரினத்தின் மூன்று இனங்களான டார்சாலிஸ், சொனேட்டா, கரெக்டா ஆகியவற்றின் ஆண் ஈக்கள்தான் விழும். லென்ஸ் வைத்து முதலில் இறக்கையைப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பில் உள்ள கருமையான பட்டை நுனிவரை அறுபடாமல் ஓடினால் டார்சாலிஸ். இடையில் அறுந்து நுனியில் புள்ளி மட்டும் நின்றால் சொனேட்டா அல்லது கரெக்டா. முதுகு செம்பழுப்பு என்றால் சொனேட்டா, கறுப்பு என்றால் கரெக்டா. முகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: சொனேட்டாவுக்கு இரண்டு தனிப் புள்ளிகள், கரெக்டாவுக்குக் குறுக்குக் கோடு. முதுகு நிறத்தில் தொடங்கினால் ஏமாறுவீர்கள்; டார்சாலிஸ் முதுகே கறுப்பிலிருந்து செம்பழுப்புவரை மாறும்.

பழத்துக்குள் நெளியும் புழுவிடம் இதெல்லாம் செல்லாது. அதை 95 சதவீத எத்தனாலில் போட்டு (ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ சிதைந்துவிடும்) இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ மரபணுவில் 658 காரஇணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளத் துண்டைப் படிக்க வேண்டும். அதுவும் டார்சாலிஸையும் அதன் நெருங்கிய உறவான காரம்போலேவையும் தெளிவாகப் பிரித்துக் காட்டாது.