சுற்றிக்கொண்டே இருக்கும் நட்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சக்கர ஸ்டட்டைப் பற்றியவை. சக்கரம் மாட்டும் சுழலும் பகுதி ஹப்; அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் மரைக் கம்பிதான் ஸ்டட்டு. கிளட்ச், ஏசி கேள்விகள் அடுத்த முறை. தொடங்கும் முன் வழக்கமான எச்சரிக்கை: ஜாக்கி காரைத் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்டு வைக்காமல் காருக்கு அடியில் கையை நுழைக்காதீர்கள்.

ஒரு நட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. என்ன செய்வது?

ஸ்டட்டின் நுனியைப் பார்த்தீர்களா? நட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றுகிறதா, அசையாமல் நிற்கிறதா? நீங்கள் எழுதவில்லை. வைத்தியமே அதைப் பொறுத்துத்தான்.

நுனி நிற்கிறது, நட்டு மட்டும் சுற்றுகிறது என்றால் மரை போய்விட்டது. நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய உளியைச் செருகி, நட்டை வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே கழற்றுகிற திசையில் திருப்புங்கள். மிச்சமிருக்கும் நல்ல மரையில் எங்காவது பிடித்தால் வந்துவிடும். மற்ற நட்டுகள் இறுக்கமாகவே இருக்கட்டும். அலாய் சக்கரமாக இருந்தால் உளிக்கு அடியில் ஒரு தகடு வையுங்கள், இல்லாவிட்டால் தழும்பு நிரந்தரம்.

நுனியும் சேர்ந்து சுற்றுகிறது என்றால் மரையில் கோளாறு இல்லை. ஸ்டட்டின் கழுத்தில் இருக்கும் வரிப்பற்கள் ஹப்பின் துளையில் பிடி விட்டுவிட்டன. பின்பக்கம் தூசித் தகட்டைக் கொஞ்சம் வளைத்தால் ஸ்டட்டின் தலை எட்டும். ஒருவர் அதை வைஸ் கிரிப்பால் (கடித்துப் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முன்னால் திருப்ப வேண்டும். எட்டவில்லை என்றால் நட்டைப் பிளப்பதோ துளையிட்டு எடுப்பதோதான் வழி. அது வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல. பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும் அந்த ஸ்டட்டும் நட்டும் குப்பைக்குத்தான். ‘நட்டு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். மரை போயிருந்தால், அதைத் தின்றது அந்த நட்டுதான். புதிய ஸ்டட்டையும் தின்னும்.

ஐந்தில் ஒன்று போய்விட்டது. நாலு நட்டோடு ஓட்டலாமா?

பட்டறை வரை, மெதுவாக, நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஓட்டலாம். அப்படியே அடுத்த வாரம் வரை ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நாலு நட்டுச் சக்கரத்தில் ஒன்று போயிருந்தால் நகர்த்தவே வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு போயிருந்தால் மொத்தம் எத்தனை இருந்தாலும் கூடாது.

சக்கரம் ஸ்டட்டில் தொங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். தவறு. ஸ்டட்டின் வேலை, சக்கரத்தை ஹப்போடு சேர்த்து நெருக்கிப் பிடிப்பது. அந்த நெருக்கத்தால் இரண்டு முகங்களுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் பாரத்தைச் சுமக்கிறது. ஒரு இடத்தில் பிடி விட்டால் சக்கரம் நூலளவு ஆடத் தொடங்கும், பக்கத்து ஸ்டட்டு வளைந்து வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே கதை.

ஸ்டட்டு போய்விட்டது. என்ன அளவு வாங்க வேண்டும்? உடனே பதில் தேவை.

எந்தக் கார்? எந்த ஆண்டு? முன்சக்கரமா, பின்சக்கரமா? ஒன்றுமே எழுதாமல் ‘உடனே’ மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

பொதுவாகச் சொல்கிறேன். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் 12 மி.மீ. ஸ்டட்டு, 1.5 மரை (அதாவது மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி). சுசுகி, நிசான், சுபாரு கார்களில் பெரும்பாலும் அதே 12 மி.மீ., ஆனால் 1.25 மரை. கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒன்றின் நட்டு இன்னொன்றில் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். அங்கே ஸ்பேனரைப் போட்டால் இரண்டும் பாழ். மரை மட்டும் பொருந்தினாலும் போதாது. கழுத்தின் வரிப்பல் விட்டமும் நீளமும் பொருந்த வேண்டும். அரைக்கால் மி.மீ. குறைந்தால் ஸ்டட்டு துளையில் சுற்றும், கூடினால் ஏறாது. பழைய ஸ்டட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

டயர் மாற்றிவிட்டு வந்தேன். மறுவாரம் பஞ்சர் ஆனபோது நட்டைக் கழற்றினால் ஒரே சக்கரத்தில் இரண்டு ஸ்டட்டின் மரை போயிருக்கிறது. கேட்டால், ‘ஸ்டட்டு பழசு, அதான்’ என்கிறார்கள். உண்மையா?

இல்லை. துருப்பிடித்து உளுத்த ஸ்டட்டைத் தவிர்த்தால், பழசானதால் மரை போவது அபூர்வம். கடைசியாக நட்டை ஏற்றிய கைதான் காரணம். அதுவும் பெரும்பாலும் கை அல்ல, காற்றழுத்தத்தில் ஓடி நட்டை முறுக்கும் கன்.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நட்டை கன்னின் வாயில் போட்டு, அப்படியே ஸ்டட்டின் மேல் அழுத்தி விசையை இழுக்கிறார்கள். நட்டு ஒரு நூல் சாய்ந்து உட்கார்ந்தாலும் முதல் மரை கோணலாகப் பிடிக்கும். விரலால் ஏற்றியிருந்தால் அரைச் சுற்றிலேயே கனத்து, ‘சரியில்லை’ என்று விரல் சொல்லிவிடும். கன்னுக்கு அந்த உணர்வு கிடையாது. அது பழைய மரையைச் சீவித் தள்ளிவிட்டுத் தனக்கென்று புதிய மரையை வெட்டிக்கொண்டு ஏறும். உங்கள் நட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பென்சில் சீவிய சுருள் போல, மினுமினுப்பாக, மெல்லிய இரும்புச் சுருள் விழுகிறதா? விழுந்தால் சாட்சி கிடைத்துவிட்டது. எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேசையில் வையுங்கள்.

இரண்டாவது குற்றம், அளவுக்கு மீறிய இறுக்கம். 12 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் (நட்டை முறுக்கும் விசையின் அளவு) போதும். பெரிய கன் அதைப் போல மூன்று மடங்கைச் சாதாரணமாகக் கொடுக்கும். இரும்பும் ஓரளவுக்குத்தான் இழுபடும். அந்த எல்லையைத் தாண்டினால் திரும்ப வராது, நீண்டபடியே நின்றுவிடும். புதிய ஸ்டட்டு ஒன்றை எடுத்துச் சந்தேகமானதன் மேல் மரையோடு மரை சேர்த்துப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கடைசி வரை பல்லுக்குப் பல் பொருந்த வேண்டும். நடுவில் எங்காவது பல் ஏறி உட்கார்ந்து வெளிச்சம் தெரிந்தால் ஸ்டட்டு நீண்டுவிட்டது. பார்வைக்கு மரை முழுசாகத்தான் இருக்கும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டுவது மூன்றாவது. கன்னால் முறுக்கி முடித்த பிறகு, வாடிக்கையாளர் பார்க்க வேண்டும் என்பதற்காக, வைத்த அளவு இறுக்கம் வந்ததும் ஒலிக்கும் டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு நட்டிலும் ‘டிக், டிக்’ என்று ஒலிக்க வைப்பார்கள். ஏற்கெனவே 250இல் இறுகிய நட்டின் மேல் 100இல் வைத்த ரெஞ்சைப் போட்டால் டிக் என்றுதான் சொல்லும். வேறென்ன சொல்லும்? அந்த ரெஞ்சு கூடுதல் இறுக்கத்தைக் கண்டுபிடிக்காது. குறைவாக இருப்பதை மட்டும்தான் காட்டும். நட்டு கொஞ்சமாவது திரும்பி, பிறகு டிக் என்றால்தான் அந்த ஒலிக்கு மதிப்பு.

போன வருடம் என் காருக்கே இது நடந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு, ‘கையால் ஏற்றப்பா’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ‘சரிங்க சார்’ என்றான் பையன். போன் வந்தது, திரும்பினேன். இரண்டு விநாடி. டர்ரென்று சத்தம். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். நான் தொழில் பழகிய இடத்தில், நட்டு விரலால் ஐந்து சுற்று ஏறுவதற்கு முன் ஸ்பேனரைத் தொட்டால் பெரியவர் பேசாமல் வந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அன்று முழுக்க டீ வாங்கி வரும் வேலைதான்.

எனவே அடுத்த முறை டயர் கடையில் காரைவிட்டு இறங்கி நில்லுங்கள். கன்னைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தட்டும், தவறில்லை. ஏற்றும்போது முதல் ஐந்து சுற்று விரல்தான். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

டை (மரை மேல் திருகி ஏற்றும் வளையக் கருவி) போட்டு மரையைச் சரிசெய்ய முடியாதா?

நுனியில் ஒன்றிரண்டு மரை நசுங்கியிருந்தால் சரிசெய்யலாம். மரை வெட்டும் டை வேண்டாம், அது நல்ல இரும்பையும் சீவிவிடும். மரையை நிமிர்த்தும் டை என்று தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். நட்டு உட்காரும் பகுதியில் மரை போயிருந்தால் எந்த டையும் உதவாது. போன இரும்பு திரும்ப வராது.

உடைந்த ஸ்டட்டை வெல்டிங் வைத்து ஒட்டலாமா?

கூடாது.

நானே ஸ்டட்டு மாற்றலாம் என்றிருக்கிறேன். பழையதைச் சுத்தியலால் அடித்து எடுக்கிறார்கள், அது சரியா?

அடித்தால் வரும். அந்த அடி முழுக்க ஹப் பேரிங்கில் இறங்கும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி விழுந்து, கொஞ்ச நாளில் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும். திருகி அழுத்தும் கிளாம்பு வகைக் கருவியால் தள்ளுங்கள். பிரேக்கின் கேலிப்பர், டிஸ்க் இரண்டையும் கழற்றிய பிறகு ஹப்பைச் சுற்றிப் பார்த்தால், பின்னால் ஸ்டட்டு விழுவதற்குத் தோதாக ஒரு இடைவெளி இருக்கும். கழற்றிய கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் குழாயில் தொங்கக் கூடாது. சில கார்களில் அந்த இடைவெளியே இருக்காது, ஹப்பையே கழற்ற வேண்டியிருக்கும். அங்கே புதிய ஸ்டட்டின் தலையைக் கிரைண்டரில் தேய்த்து நுழைக்கிற குறுக்குப் புத்தி வேண்டாம்.

புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, பழைய வரிப்பற்கள் விட்ட தடத்தில் பொருத்துங்கள். முன்னால் நாலைந்து கனமான வாஷர், அவற்றின் நடுவே கொஞ்சம் கிரீஸ், மேலே இரண்டு பக்கமும் திறந்த ஒரு நட்டு, அதன் தட்டைப் பக்கம் வாஷரைப் பார்த்திருக்க வேண்டும். கை ஸ்பேனரால் மெதுவாக இழுங்கள். முதலில் சீராகக் கனக்கும். தலை ஹப்பில் முட்டியதும் சட்டென்று கல்லாகிவிடும். அங்கே நிறுத்துங்கள். பிறகு பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், தலைக்கும் ஹப்புக்கும் நடுவே முடி நுழையும் இடம்கூட இருக்கக் கூடாது. இழுக்கப் பயன்படுத்திய நட்டைச் சக்கரத்துக்குப் போடாதீர்கள். ஸ்டாண்டு வைத்தீர்களா?

புதிய ஸ்டட்டு போட்ட பிறகும் அந்த ஒரு நட்டு மட்டும் தளர்ந்துகொண்டே இருக்கிறது.

மேலே உள்ள பதிலின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். ஸ்டட்டு முழுக்க உட்காராமல் சக்கரம் போட்டிருக்கிறார்கள். ஓட ஓட அது உள்ளே இறங்குகிறது, நட்டு தளர்கிறது. அது இல்லையென்றால் நட்டின் முகம் சக்கரத்துக்குப் பொருந்தவில்லை. கூம்பு முகத்துக்குக் கூம்பு, உருண்டைக்கு உருண்டை, தட்டைக்குத் தட்டை. மாற்றிப் போட்டால் விளிம்பில் மட்டும் தொடும். பல பேர் அலாய் வாங்கும்போது நட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. சக்கரத்தின் உள்முகத்தில் துரு, தடித்த பெயிண்ட் இருந்தாலும் இதே தொல்லைதான், கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 100 கி.மீ. வாக்கில் ஒரு முறை இறுக்கத்தைப் பார்த்தாக வேண்டும். இதை எத்தனை முறை எழுதுவது!

மரையில் கிரீஸ் தடவினால் இனி போகாதல்லவா?

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் உலர்ந்த மரைக்குத்தான் அளவு கொடுக்கிறார்கள். நீங்கள் நட்டைத் திருப்பும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் நெருக்கிப் பிடிப்பதற்குப் போகிறது. மீதி, மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வாகச் செலவாகிறது. கிரீஸ் அந்த உராய்வைக் குறைத்தால், அதே 100இல் ஸ்டட்டு பல மடங்கு இழுபடாவிட்டாலும் தாங்கும் எல்லையை நெருங்கிவிடும். காப்பாற்றப் போய்க் கழுத்தை நெரிப்பீர்கள். துருவைப் பிரஷ்ஷால் தேயுங்கள், துணியால் துடையுங்கள், போதும்.

அப்படியானால் மரைப் பசை?

அதுவும் வேண்டாம். சரியான இறுக்கத்தில் இருக்கும் நட்டுக்குப் பசை தேவையில்லை.

என் காரில் ஸ்டட்டே இல்லை, போல்ட்டுதான். ஹப்பில் மரை போய்விட்டது.

ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. மாதிரிக் கார்களில் அப்படித்தான். முதலில் புதிய போல்ட்டைக் கையால் ஏற்றிப் பாருங்கள். பல நேரம் போனது போல்ட்டின் மரையாகத்தான் இருக்கும், அப்படியானால் போல்ட்டு மாற்றுவதோடு போயிற்று. ஹப்பின் மரையே போயிருந்தால் உள்ளே புதிய மரையாக எஃகுப் புரி வைத்துச் சரிசெய்வோர் உண்டு. மற்ற இடங்களில் நானும் வைப்பேன். சக்கரத்துக்கு வைக்க மாட்டேன், ஹப்பை மாற்றிவிடுவேன்.

தாத்தாவின் பழைய அமெரிக்கக் கார். இடப்பக்கச் சக்கரத்தின் நட்டு அசையவே இல்லை. நீளக் குழாய் மாட்டி ஏறி மிதித்ததில் இரண்டு ஸ்டட்டு ஒடிந்துவிட்டது. மூன்றாவதுக்கு என்ன செய்ய?

குழாயை விட்டு இறங்குங்கள். ஸ்டட்டின் நுனியைத் துடைத்துவிட்டு, ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து தெரிகிறதா பாருங்கள். 1970 வாக்கு வரை கிரைஸ்லர் கார்கள் பலவற்றில் இடப்பக்கத்துக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருப்பினால்தான் கழலும். நீங்கள் இத்தனை நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.