தறியின் இரண்டு ஓரமும் தெரியவில்லை

கேள்வி: டொக்டர், நான் கைத்தறி நெய்கிறவள். இப்போது ஆறு மாதம். முன்பு மாதவிடாய் நின்றபோது, பால் சுரக்கவைக்கும் ப்ரொலாக்டின் ஹோர்மோன் கூடியிருக்கிறது, பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறது என்று கபர்கோலின் குளிசை தந்தார்கள். பிள்ளை தங்கியதும் நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு கிழமையாக, நூல் கொண்டோடும் நாடா தறியின் ஓரங்களுக்குப் போனால் கண்ணில் படுவதில்லை. நெற்றிக்குள் வலிக்கிறது. கண்ணாடிக் கடையில் பார்வை சரியாம். பிள்ளை பிறந்தால் சுகமாகும் என்கிறார் மாமி. பொறுக்கலாமா?
— வாசகி, மருதமுனை

பதில்: பொறுக்கக் கூடாது, தங்கச்சி. இன்றே கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண்ணாடிக் கடையில் வாசிக்கச் சொல்லும் எழுத்து நேர் எதிரே இருக்கும். உங்களுக்குக் குறைவது ஓரப் பார்வை. தறியில் இருந்தபடியால்தான் பிடித்தீர்கள். என்னிடம் வந்த ஒரு தாய், வாசல் நிலையில் மாறி மாறித் தோள் இடிபட்டதை வயிற்றுப் பாரம் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தார். அந்த இரண்டு மாதத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பிட்யூட்டரி மூளைக்கு அடியில் இருக்கும் கடலையளவு சுரப்பி. அதற்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் மேலே இரு கண் நரம்புகளும் சந்திக்கின்றன. வெளிப்பக்கக் காட்சியைக் கொண்டுபோகும் இழைகள் அங்கேதான் குறுக்கே கடக்கும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் கூடுவதால் சுரப்பி தானாகவே பருக்கும், கட்டியும் வளர்ந்து அந்த இழைகளை அழுத்தலாம். 10 மில்லிமீற்றருக்குக் குறைந்த கட்டி 100 பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தொந்தரவு தரும். அதைவிடப் பெரிதென்றால், முன்பு ஒப்பரேஷன் செய்யாதவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. ஆகவே பழைய ஸ்கேன் ரிப்போட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள்.

முதலில் பிரஷரும் சிறுநீரும் பார்க்க வேண்டும்; கர்ப்பிணிக்குத் தலைவலியோடு பார்வை மங்கினால், கர்ப்பகால உயர் பிரஷராக இருக்குமோ என்று பார்க்காமல் விட முடியாது. அப்புறம் கண் டொக்டரிடம், ஓரப் பார்வையை அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனை. ப்ரொலாக்டின் இரத்தப் பரிசோதனை இப்போது உதவாது, எந்தக் கர்ப்பிணிக்கும் அது கூடித்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கப் பயப்படாதீர்கள். அதில் எக்ஸ்றேக் கதிர் இல்லை, சாய மருந்து ஏற்றாமலே எடுக்கலாம்.

கட்டிதான் காரணம் என்றால் பெரும்பாலும் மருந்தை மறுபடி தொடங்குவார்கள். அநேகருக்குக் கட்டி சுருங்கிப் பார்வை திரும்பும். ஆனால் வீட்டில் மிச்சமிருக்கும் குளிசையை நீங்களாகப் போட வேண்டாம். மருந்துக்கு மசியாவிட்டால் மூக்கு வழியாக ஒப்பரேஷன் உண்டு.

திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, ஒன்று இரண்டாகத் தெரிவது, இவை வந்தால் கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். நடுச்சாமம் என்றாலும் புறப்படுங்கள்.

மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.